அட்டையில் இறந்தவள்

செங்கல்பட்டில் அப்போது ஒரு சின்ன தரும கண் ஆஸ்பத்திரி இருந்தது. இருபது படுக்கை, ஒரு ஆபரேஷன் தியேட்டர், ஊர் ஊராகக் கண் முகாமுக்குப் போய்வர ஒரு பழைய வேன். எழுபதுகளின் தொடக்கத்தில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்துச் சில வருஷம் வீட்டில் இருந்து, டைப்ரைட்டிங் லோயர் கிரேடு பாஸான கையோடு, நான் அங்கே ரிக்கார்டு கிளார்க்காகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்தொரு வயது. நோயாளிகளின் சீட்டுகளை அடுக்கி வைப்பதும் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டு அட்டைகளைக் கொடுத்தார். போஸ்ட் கார்டைவிடக் கொஞ்சம் பெரிய, கெட்டியான அட்டைகள். விளிம்பு முழுக்க வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். கூடவே, ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வைத்திருப்பதுபோல ஒரு வெட்டும் கருவி, ஸ்வெட்டர் பின்னுகிற நீள ஊசி ஒன்று. ஊசி அவர் மனைவியுடையது.

"கண்ணுக்குக் காத்திருக்கிறவங்க லிஸ்ட் இனிமே நோட்டுல வேண்டாம். இதுல எழுதும்மா," என்றார்.

கண்ணில் பூ விழுந்து பார்வை போனவர்களுக்கு, இறந்தவர் கண்ணிலிருந்து கருவிழியின் மேல்படலத்தை எடுத்து வைத்துத் தைக்கிற ஆபரேஷனை அவர் செய்துவந்தார். காத்திருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். கண் கொடுப்பவர்களோ வருஷத்துக்கு மூன்று நான்கு பேர். அந்தக் கண்ணும் ஐஸ் பெட்டிக்குள் ஒன்றரை நாள்தான் தாங்கும். அதற்குள் பொருத்தமான ஆளைத் தேடிப் பிடித்து, தந்தி கொடுத்து, வரவழைத்துப் படுக்க வைத்தாக வேண்டும். நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

அட்டை அதைச் சுருக்கியது. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கேள்வி. இரண்டு கண்ணும் போனவரா, பதினைந்து வயதுக்குக் கீழா, கருவிழியில் ரத்தக்குழாய் படர்ந்திருக்கிறதா, ஒரே நாளில் வந்துசேர முடிகிற ஊரா. பதில் ஆம் என்றால் அந்த ஓட்டையை விளிம்புவரை வெட்டித் திறந்துவிட வேண்டும். அட்டைகளை அடுக்கி, ஓட்டைக்குள் ஊசியைச் செருகித் தூக்கினால் வெட்டியவை மட்டும் பொலபொலவென்று மேஜையில் விழும். மற்றவை ஊசியிலேயே தொங்கும். நாலைந்து தடவை செருகித் தூக்கினால் நூறு பேரில் ஐந்து பேர் மிஞ்சுவார்கள். அந்த ஐவரில் யார் முதலில் பெயர் கொடுத்தவரோ அவருக்குத் தந்தி. கை பழகிய பிறகு எல்லாம் பத்து நிமிஷ வேலை.

வலது மூலை ஓட்டை மட்டும் வேறு கணக்கு. இறந்துபோனவர்கள், ஆபரேஷன் வேண்டாம் என்றவர்கள், ஊரைவிட்டே போனவர்கள், இவர்களுடைய அட்டையில் அதை வெட்ட வேண்டும். அட்டையைக் கட்டிலிருந்து எடுக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, மார்ச்சில் வருஷக் கணக்கு முடிக்கும்போது மொத்தமும் சரிபார்க்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. அதனால் எந்தத் தேடலும் மூலை ஓட்டையில் தொடங்கும். முதலில் விழுகிறவர்களை ஒதுக்கிவிட்டு மற்றவர்களிடையே தேடுவோம்.

"உனக்கு யாரையாவது ஞாபகம் வந்தாலும் அத நம்பாதே," என்று டாக்டர் ஒருநாள் சொன்னார். "நாம பார்த்த முகம் நம்ம மனசுல முன்னாடி வந்து நிக்கும். ஊசிக்கு முகம் தெரியாது. அதுதான் நியாயம்."

எனக்கு அது பிடித்திருந்தது. வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சட்ராஸ் என்று நாங்கள் சொல்லும் சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வருவாள். முப்பது வயதிருக்கும். மீன் விற்கிறவள். வலது கண் குழந்தையிலேயே அம்மை வார்த்துப் போய்விட்டது. இடது கண்ணில் மீன் முள் குத்தி, புண்ணாகி, ஆறிய இடத்தில் வெள்ளையாகப் பூ விழுந்துவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு வருவாள். டாக்டர் பார்த்த பிறகு என் மேஜைக்கு வந்து நிற்பாள். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா நர்சம்மா, என் கண்ணு வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா. வந்தா தந்தி வரும்."

"தந்தி வந்தா பக்கத்து வூட்டுக்காரங்க எயவுன்னு அயுவாங்களே," என்று சிரிப்பாள்.

அவளுக்கு என்ன பெயரோ அதே பெயரில் இன்னொருத்தியும் பட்டியலில் இருந்தாள். நெம்மேலிப் பக்கத்துக் குப்பம். அவளும் மீன்காரி, வயதும் ஏறக்குறைய அதேதான். அந்தக் கரையில் அம்மன் பெயர் வைக்காத வீடு இல்லை. அதனால் ஒரே பெயரில் இரண்டு அட்டை இருப்பது எனக்கு அதிசயமாகத் தோன்றவில்லை.

ஒரு ஆடி மாதம் நெம்மேலிக்காரியின் புருஷனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. யாரோ பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்த நல்ல கையெழுத்து. மனைவி ஜுரத்தில் இறந்துவிட்டாள், இனி அவளுக்குக் கண் வேண்டியதில்லை, வேறு யாருக்காவது கொடுக்கவும் என்று எழுதியிருந்தது. நான் அட்டைக் கட்டில் பெயரைத் தேடினேன். கிடைத்தது. மூலை ஓட்டையை வெட்டினேன். கார்டை ஃபைலில் போட்டேன்.

நான் வெட்டியது சதுரங்கப்பட்டினத்துக்காரியின் அட்டையை.

அன்று எனக்குக் காய்ச்சல் இருந்தது, வீட்டில் சண்டை, வேலை நெருக்கடி என்று ஏதாவது சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இல்லை. சாதாரணமான ஒரு காலை நேரம். பெயரைப் பார்த்தேன், பெயருக்குக் கீழே இருந்த ஊரைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

ஆவணியில் சதுரங்கப்பட்டினத்துக்காரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏற்கெனவே இரண்டு பையன்கள். ஐப்பசியில் செங்கல்பட்டிலேயே ஒரு பெரியவர் இறந்து, வீட்டார் கண்களைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். டாக்டர் போய் எடுத்துவந்தார். நான் ஊசியைச் செருகித் தூக்கினேன். கடைசியில் நாலு அட்டை மிஞ்சியது. தேதிப்படி முதல் இரண்டு பேர், திருக்கழுக்குன்றத்துத் தையல்காரர் ஒருவர், மதுராந்தகம் பக்கத்துக் கூலிக்காரர் ஒருவர். இருவருக்கும் தந்தி போனது, இருவரும் வந்தார்கள், ஆபரேஷன் நடந்தது.

தந்தி ஃபாரம் எழுதும்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. சட்ராஸ் அக்கா இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே பெயர் கொடுத்தவள் ஆயிற்றே, அவள் ஏன் விழவில்லை என்று. பேனாவை மூடிவைத்துவிட்டு அட்டைக் கட்டைப் பார்த்தேன். கையை நீட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ரத்தக்குழாய் படர்ந்திருக்கும், அதனால் விட்டுப்போயிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஞாபகத்தை நம்பாதே என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே. பேனாவைத் திறந்து ஃபாரத்தை முடித்தேன்.

அட்டையைத் தப்பாக வெட்டியதற்காக என்னை நான் ஒருவேளை மன்னித்துக்கொள்வேன். அந்த அரை நிமிஷத்துக்கு மன்னிப்பு இல்லை.

கார்த்திகையில் அவள் வந்தாள். குழந்தையைத் தோளில் துணியால் கட்டியிருந்தாள். புருஷன் வெளியே பீடி பிடிக்கப் போயிருந்தார். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே கேட்கிறவள் அன்று என் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நர்சம்மா, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுக்கா."

"தை மாசத்துக்குள்ள எனுக்கு கண்ணு வருமா?"

ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். போன வாரம் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் பாயில் போட்டிருக்கிறாள். குழந்தை பாலைக் கக்கி, அது மூச்சுக்குழலில் ஏறிவிட்டது. அழுதால்தானே அவளுக்குத் தெரியும். அழ முடியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தற்செயலாக வந்த தங்கச்சி பார்த்து, தூக்கித் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியிருக்கிறாள்.

"ஒடம்பெல்லாம் நீலமா பூட்ச்சாம். நான் பக்கத்துலதான் குந்திகினு இருந்தேன் நர்சம்மா. ஒரு மொழம் தூரம்."

தங்கச்சி மாமல்லபுரத்தில் இருக்கிறவள். அவளும் புருஷனும் கோயிலுக்கு எதிரே சிப்பி மாலை, சங்கு விற்கிறார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. எனக்குக் கொடுத்துவிடு, நான் வளர்க்கிறேன் என்று கேட்கிறாளாம். புருஷன், மாமியார் எல்லாரும் தை பிறந்ததும் கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.

"தைக்குள்ள வரும்னு நீ சொன்னா நான் குடுக்க மாட்டேன். எப்டியாவது கண்ணுல வெளக்கெண்ண ஊத்தின மாதிரி காத்துக்குவேன். வராதுன்னா சொல்லிடு."

என்னிடம் இப்படி யாரும் எதையும் கேட்டதில்லை. இருபத்துமூன்று வயதில் ஒரு குடும்பத்தின் விஷயம் என் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருந்தது எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஐப்பசியில் இரண்டு கண் வந்தும் அவளுடைய அட்டை விழவில்லை. ஆகவே அவளுக்குப் பொருந்துவது கஷ்டம், எனக்கு அது நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தேன்.

"போன மாசம் வந்துச்சுக்கா. உனக்குப் பொருந்தல. அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. வந்தாலும் உனக்கு வருமான்னு சொல்ல முடியாது."

"அப்ப?"

"குழந்தையோட உசுரு முக்கியம் இல்லையா. தங்கச்சிதானே, வேத்து மனுஷங்க இல்ல. கொடுத்துடுக்கா."

துணிக்குள் கையை விட்டுக் குழந்தையின் முகத்தைத் தடவினாள். நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக விரல் போனது.

"நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் புருஷனைத் தேடிக்கொண்டு போனாள்.

தை பிறந்ததும், குப்பத்துப் பெரியவர்கள் முன்னால் வெற்றிலை பாக்கு வைத்துக் குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள்.

மாசியில் மறுபடியும் கண் வந்தது, இரண்டில் ஒன்றுதான் தேறியது. காலையில் எடுத்துவந்து ஐஸில் வைத்தார்கள். ஊசியைச் செருகித் தூக்கினேன். முதலில் நின்ற அட்டை நெம்மேலிக்காரியுடையது. பெயரைப் பார்த்தேன், இந்தத் தடவை ஊரையும் பார்த்தேன், தந்தி எழுதுவதற்கு ஊர் வேண்டுமே. ஆடி மாதத்துக் கார்டு எனக்குச் சுத்தமாக நினைவில்லை. தந்தி போயிற்று. அன்று சாயங்காலம்வரை யாரும் வரவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறந்ததும் ஒருவர் வந்தார். கறுத்து ஒல்லியான மனிதர், கையில் மடித்த தந்தி. முதல் பஸ்ஸில் வந்திருந்தார். என் மேஜைமேல் அதை வைத்தார்.

"இது யாரு குட்த்தது?"

"நாங்கதான். உங்க வீட்டம்மாவுக்குக் கண் வந்திருக்கு. அவங்க எங்கே?"

அவர் என்னையே பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், குரலில் அது இல்லை.

"அவ செத்து ஏயு மாசம் ஆவுதும்மா. கார்டு போட்டனே. வாத்தியார் எய்தினார், நான்தான் பொட்டியில போட்டேன்."

குனிந்து தந்தியில் இருந்த பெயரை மறுபடி படித்தேன்.

"தந்தி வந்ததும் படிக்கத் தெரிஞ்ச புள்ளகிட்ட குட்த்தேன். கண்ணு வந்துகீது, ஒடனே வரச் சொல்லிகீதுன்னு படிச்சான். நான் இன்னா பண்ணேன் தெரியுமா? வூட்டுக்குள்ள திரும்பி அவ பேர சொல்லிக் கூப்ட்டேன்."

"கார்டு வரலைங்க," என்றேன். யோசிக்காமல் வந்த பொய். கார்டு எனக்குப் பின்னால் அலமாரியில், ஃபைலில் இருந்தது.

"வரலியா," என்றார். "சரி. தபால்காரன இன்னா சொல்றது." தந்தியை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். தண்ணீராவது குடிக்கச் சொல்லியிருக்கலாம்.

அவர் போனதும் அட்டைக் கட்டை எடுத்துப் பார்த்தேன். மூலை ஓட்டை வெட்டியிருந்த அட்டை சதுரங்கப்பட்டினத்துக்காரியுடையது. அவள் பெயர் கொடுத்த தேதி, தையல்காரருக்கும் கூலிக்காரருக்கும் முந்தியது. ரத்தக்குழாய் ஓட்டை வெட்டப்படவே இல்லை. ஐப்பசியில் அவள்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

உட்கார்ந்து அழ நேரமில்லை. ஐஸ் பெட்டியில் கண் இன்னும் இருந்தது, சாயங்காலம்வரை தாங்கும். ஒரு புது அட்டையில் அவளுடைய விவரம் எல்லாம் எழுதி, வெட்ட வேண்டியவற்றை வெட்டினேன். பழைய அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நெம்மேலி அட்டையின் மூலையை வெட்டினேன். பிறகு டாக்டரிடம் ஓடினேன்.

"சார், ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்காங்க. தந்தி மாறிப்போச்சு. போக வேண்டியது சட்ராஸுக்கு."

"ஊரைப் பார்க்கறதில்லையா?" என்றார். கையைக் கழுவிக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேனை எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வா."

ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பேரிடம் இரண்டு பொய். பழைய அட்டையை அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிச் சமையல் அடுப்பில் போட்டேன். கெட்டி அட்டை, சீக்கிரம் பற்றவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவருக்குப் பின்னால் அவள் வீடு. வாசலில் உட்கார்ந்து கையாலேயே தடவித் தடவிக் கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டாள்.

"கண் வந்திருக்குக்கா. கிளம்பு. இன்னைக்கே ஆபரேஷன்."

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன்.

"இப்பவா?" என்றாள்.

புருஷன் உள்ளேயிருந்து புடவை கொண்டுவந்து கொடுத்தார். செங்கல்பட்டுவரை வேனில் நான் எதிர்ப்பலகையில் உட்கார்ந்து அவள் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். காலி மடி. குழந்தையைக் கொடுத்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. ஆனால் அந்தக் காலத்தில் தையல் பிரித்து, வீக்கம் வடிந்து, கண் தெளிய மாதக்கணக்கில் ஆகும். முதலில் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு என் மேஜைக்கு அவள் வந்தபோது அடுத்த கார்த்திகை ஆகிவிட்டது. யார் தோளையும் பிடிக்காமல் தனியாக வந்து எதிரில் நின்று என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீதானா நர்சம்மா? கொரல வெச்சி நீ குண்டா இருப்பேன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் சிரித்தேன். குழந்தையைப் பார்த்தாயா என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"பாத்தேன். மாபலிபுரம் போயிருந்தேன். கலரு எங்க மாமியார் மாதிரி. நான் தூக்கப் போனேன், அவ தங்கச்சி தோள இறுக்கிக் கட்டிக்கினா. அம்மா அம்மான்னு அவளத்தான் கூப்புட்றா." கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். "கண்ணு தெரியுதுன்னு திருப்பிக் கேக்க முடியுமா? நாலு பேர் முன்னால வெத்தல மாத்தினது. தங்கச்சிக்கும் அதுதான் உசுரு. நீ சொன்னது சரிதான் நர்சம்மா. கொயந்த நல்லா கீது அங்க."

நீ சொன்னது சரிதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை வரும்போதும் எனக்கு மீன் கொண்டுவருவாள். வாழையிலையில் சுற்றிய வஞ்சிரமோ வவ்வாலோ. வேண்டாம் என்றால் வருத்தப்படுவாள். வீட்டில் அம்மா குழம்பு வைப்பாள், எல்லாரும் சாப்பிடுவார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. ஒருநாள் மெட்ராஸிலிருந்து வந்த சில டாக்டர்களுக்கு எங்கள் பெரிய டாக்டர் அட்டைகளைக் காட்டினார். ஊசியைத் தூக்கி விழவைத்து வேடிக்கை காட்டிவிட்டு, "இத்தனை வருஷத்துல ஒரு தப்பு நடந்ததில்ல," என்றார். அவர்கள் போன பிறகு நான் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். எழுந்துபோய் அட்டைப் பெட்டியைத் திறந்து, மூலை வெட்டிய ஒவ்வொரு அட்டையையும் எடுத்து, ஃபைலில் இருந்த கடிதங்களோடு தானே சரிபார்த்தார். அன்று சாப்பிடக்கூடப் போகவில்லை. வேறு தப்பு இல்லை. மறுநாள் முதல், ஒருவர் அட்டையைப் படிக்க இன்னொருவர் கடிதத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மூலையை வெட்டலாம் என்று ஆயிற்று. பெயரோடு ஊர், தகப்பன் பெயர், மச்ச அடையாளம் எல்லாம் எழுத வேண்டும்.

"அவகிட்ட சொல்லணுமா சார்?" என்று கேட்டேன்.

"சொன்னா குழந்தை திரும்பி வருமா? இந்தக் கரையில இப்பத்தான் ஒண்ணு ரெண்டு பேர் கண் கொடுக்க முன்வர்றாங்க. ஆஸ்பத்திரி இப்படிப் பண்ணுச்சுன்னு தெரிஞ்சா யார் கொடுப்பா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அன்று வீட்டுக்குப் போகும்போது வெட்கமாக இருந்தது. அவர் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றப் பேசினார். நான் சந்தோஷப்பட்டது எனக்காக.

இன்னும் நாலு மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறிச் சதுரங்கப்பட்டினம் போனேன். மணலில் நெத்திலி காயப்போட்டிருந்தாள், காக்கை விரட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். நாஸ்தா சாப்பிடச் சொன்னாள். வேண்டாம், உட்கார், ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

சொன்னேன். அட்டை, ஒரே பெயர், மூலை ஓட்டை, ஐப்பசியில் வந்த கண்கள், நான் பேனாவை மூடித் திறந்தது எல்லாம். கார்த்திகையில் அவள் என்னைக் கேட்டபோது அட்டைப் பெட்டிக்குள் அவள் செத்துப்போனவளாக இருந்தாள் என்றும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

அவள் குச்சியால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு காக்கை வந்து நெத்திலியைக் கொத்தியது, விரட்டவில்லை.

"ஐப்பசியில வந்தது எனுது?"

"ஆமாக்கா."

"அப்ப வெச்சிருந்தா தையில கொஞ்சமாச்சும் தெரிஞ்சிருக்குமா?"

"கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். முழுசா இல்ல. ஆனா நீ கொடுத்திருக்க மாட்ட."

"குட்த்திருக்க மாட்டேன்," என்றாள். "அந்தக் கண்ண வாங்கிக்கினவங்களுக்கு இப்போ தெரியுதா?"

"தையல்காரருக்குத் தெரியுது. இன்னொருத்தருக்கு மறுபடியும் மங்கிப்போச்சு."

தலையை ஆட்டினாள். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்து வந்திருந்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் தேவலை.

"இத்தினி நாளு எங்கையால மீனு வாங்கிக்கினியே," என்றாள்.

அவள் குச்சியைக் கீழே போட்டாள்.

"இத எந்தங்கச்சிகிட்ட சொல்லிடாத. அவளுக்குத் தெரிஞ்சா, நான் புள்ளய திருப்பிக் கேக்க வந்துடுவேன்னு பயந்துகினே இருப்பா. நல்லா தூங்க மாட்டா. எம்புருஷன்கிட்டயும் சொல்லாத. அது குடிச்சிட்டு அங்க போயி பேஜாரு பண்ணும்."

"சொல்ல மாட்டேன்."

"போ. பஸ்ஸு வர நேரம் ஆச்சு."

எழுந்தேன். மன்னிச்சிடு என்று சொல்லத்தான் போயிருந்தேன், ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அதற்கும் அவள்தான் ஏதாவது பதில் தேட வேண்டியிருக்கும். கும்பிட்டுவிட்டு நடந்தேன். அவள் எழுந்து காக்கைகளை விரட்டப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் அவள் பரிசோதனைக்கு வந்தாள், நாள் தவறாமல். என் மேஜைப் பக்கம் வரவில்லை. புதிதாகச் சேர்ந்த இன்னொரு பெண்ணிடம் சீட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பது, அந்தக் கரையிலிருந்து கண் கொடுக்க ஆட்கள் வந்துகொண்டிருந்ததில் எனக்குத் தெரிந்தது. அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டேன்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் கல்பாக்கம் பஸ் நிற்கிற இடத்தில் அவளைப் பார்த்தேன். காலிக் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். நடுவில் மூன்று பஸ், நூறு ஜனம். நான் எதிர்ப் பக்கத்தில், சரக்கு ஏற்றுகிற இடத்துக்கு அப்பால் இருந்தேன். அவள் தற்செயலாகத் தலையைத் திருப்பினாள். அவள் பார்வை கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கடந்து வந்து என்மேல் நின்றது. நான்தான் என்று தெரிந்துகொண்டாள், எனக்குச் சந்தேகமில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து என் முகம் அவளுக்குத் தெரிந்தது.

பிறகு கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸின் மறுபக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.